கசப்புத் தண்ணி

பிப்ரவரி 6

என் தங்கச்சி டிரைவரம்மாவுக்கு அண்ணன் எழுதிக்கிறது.

இங்க நான், உன் அண்ணி, பசங்க எல்லாரும் சுகம். அங்க நீயும் மாப்பிள்ளையும் சுகம்னு எழுதலாம்னு பார்த்தா, போன்ல உன் குரல் அப்படிச் சொல்லல. பேசிக்கிட்டே இருக்கும்போது "அண்ணா, ஒரு நிமிஷம்"னு ஓடுற. திரும்பி வந்து ரெண்டு வார்த்தை, மறுபடியும் ஒரு நிமிஷம். ஞாயித்துக்கிழமை மட்டும் நாலு தடவ. அடுப்புல பால் வச்சிருக்கா போலன்னு நெனச்சேன். ஒரு மனுஷி ஒரு சாயங்காலத்துல நாலு தடவ பால் காய்ச்ச மாட்டாளே.

அது கெடக்கட்டும். இந்த வருஷத்து மூட்டைய லாரியில ஏத்தி விட்டிருக்கேன். ரெண்டாம் பாத்தி உப்பு. சின்னப் புள்ளையில வரப்புல உக்காந்து கால நனைச்சுக்கிட்டு இருப்பியே, அதே பாத்தி. வழக்கம்போல என் முடிச்சுதான் போட்டிருக்கேன். கத்தியால அறுக்காத, பொறுமையா அவுத்தா கயிறு வேற எதுக்காவது ஆகும்.

போன மாசம் உப்பளத்துல ஒரு கூத்து. நம்ம மேஸ்திரி லீவுல போனாரு, பதிலுக்கு ஒருத்தர் வந்தாரு. கழுத்து நீளம், அதனால ஒட்டகம்னு பேரு. வச்சது நான்தான். கடல் தண்ணியில ஒரே ஒரு உப்பா இருக்கு? பல உப்பு இருக்கு. வெயில்ல தண்ணி வத்த வத்த நாம சாப்பிடுற உப்பு முதல்ல படிஞ்சிடும். மத்ததெல்லாம் சோம்பேறிங்க, கடைசி வரைக்கும் தண்ணியிலயே கெடக்கும். அந்தக் கடைசித் தண்ணிய வடிச்சு வெளிய விட்டுரணும், அது கசப்பு. நாக்குல வச்சா முதல்ல உப்பு மாதிரியே நடிக்கும். அப்புறம் நாக்கோட ஓரத்துல ஒரு கசப்பு வந்து உக்காரும், லேசுல எந்திரிக்காது. ஒட்டகம் சொல்றாரு, "அதையும் காய விடுங்கய்யா, எடை கூடும்"னு. "கசக்கும் ஐயா"ன்னேன். "உப்பு எப்படிய்யா கசக்கும், உன் நாக்குதான் கசக்குது"ன்னாரு. சரின்னு விட்டோம். ஒரு லோடு முழுசா திரும்பி வந்துச்சு. அவரையே ஒரு கல்லு வாயில போட்டுக்கச் சொன்னேன். அன்னைக்கு மத்தியானம் ஒட்டகம் சாப்பிடல.

எதுக்கோ ஆரம்பிச்சு எங்கேயோ போயிட்டேன். மாப்பிள்ளை போன வருஷ ஆரம்பத்துல பெயிண்ட் அடிக்கிற ஏணியிலேருந்து மயங்கி விழுந்தாரே, அப்ப டாக்டர் உப்பக் குறைக்கச் சொன்னதா சொன்ன. குறைக்கட்டும், நிறுத்த வேண்டாம். உன் அடுப்புல என் உப்பு விழுதுன்னா, நானே தினமும் உன் வீட்டுக்கு வந்து போற மாதிரி எனக்கு.

எதுக்கு ஓடுறன்னு எழுது.

உன் அண்ணன்

*

பிப்ரவரி 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

மூட்டை வந்து சேர்ந்துச்சு. உன் உப்புதான் போட்டுச் சமைக்கிறேன், வேற உப்பு இந்த வீட்டுல ஏது.

எதுக்கு ஓடுறேன்னு கேட்ட. போன்ல சொல்ல முடியாது அண்ணா. எங்க வீடு ஒத்த ரூம். இருமினா பக்கத்து வீட்டுல தண்ணி கொண்டு வருவாங்க. அதனால எழுதுறேன். படிச்சதும் கிழிச்சுடு. அண்ணிக்கு மட்டும் சொல்லலாம்.

எனக்கு நீர் போற இடத்துல ஒரு எரிச்சல். ஒரு வருஷமாச்சு. முதல்ல நீர்க்கடுப்புன்னு நெனச்சேன். நாலு தடவ மாத்திரை கொடுத்தாங்க. நாலு தடவ சோதிச்சும் கிருமி ஒண்ணும் இல்லைங்கிறாங்க. கிருமி இருந்தாலாவது அது செத்துடும்னு ஒரு நம்பிக்கை இருக்கும். மூத்திரப் பையோட உள்தோல் புண்ணு மாதிரி ஆகியிருக்காம். ஏன்னு கேட்டா, "சிலருக்கு அப்படி வருதும்மா"ங்கிறாங்க. பகல்ல இருபத்தஞ்சு தடவ, ராத்திரி ஆறு தடவ. போயிட்டு வந்து கதவச் சாத்துறதுக்குள்ள மறுபடி போகணும்னு இருக்கும். கொஞ்சம்தான் வரும், அதுவும் மிளகாய் அரைச்ச கைய கண்ணுல வச்ச மாதிரி.

வீட்டுல இருக்கிறவளா இருந்தா சமாளிச்சுடலாம். நான் ஓட்டுறது நாப்பத்தொண்ணாம் நம்பர் பஸ். இந்த முனையிலேருந்து அந்த முனைக்கு ஒரு மணி அம்பது நிமிஷம். நடுவுல கக்கூஸ் உள்ள இடம் ஒரே ஒரு பெட்ரோல் பங்க். அங்க ஸ்டாப் கிடையாது. நவம்பர்ல ஒரு தடவ நிறுத்தி ஓடினேன். எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தாங்க. ஜனவரியில ரெண்டாவது. கண்டக்டர் தம்பி நல்லவன். "டயர்ல காத்து பாக்கப் போயிருக்காங்க"ன்னு பஸ்ஸுல இருந்தவங்ககிட்ட சொன்னான். முன் சீட்டுப் பெரியவர், "உங்க அக்கா காத்த கக்கூஸுலயா வச்சிருக்கா"ன்னு கேட்டாராம். சிரிக்கிறதா அழறதான்னு தெரியல.

மூணாவது தடவ நின்னா ஸ்டியரிங்லேருந்து எறக்கிடுவாங்க. ஆறு வருஷம் படாத பாடு பட்டு வாங்கின சீட்டு அண்ணா. "பொம்பள ஓட்டுற பஸ்ஸா"ன்னு ஏறாம நின்னவங்க எல்லாம் இப்ப நான் வந்தாத்தான் ஏறுறாங்க. அதைத் தூக்கிட்டா நான் யாருன்னு எனக்கே தெரியாது.

காபி, டீ, எலுமிச்சை, தக்காளி, மிளகாய் எல்லாத்தையும் விட்டாச்சு. அப்பவும் எரியுது. உனக்குத் தெரிஞ்ச வைத்தியம் ஏதாவது இருந்தா எழுது.

உன் தங்கச்சி

*

மார்ச் 3

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தைக் கிழிக்கல, மன்னிச்சுக்க. அண்ணி அழுதுட்டா. நான் உப்புக் குவியல் பக்கம் போய் நின்னுக்கிட்டேன்.

உன் அண்ணிக்கு எல்லா வியாதிக்கும் ஒரே காரணம்தான். சூடு. தலைவலி வந்தா சூடு. கால்ல ஆணி குத்தினாலும் அந்த ஆணி சூடுங்கிறா. ஆனா உன் விஷயத்துல அவ சொல்றதுதான் சரியாப் படுது. நாள் பூரா என்ஜினுக்குப் பக்கத்துல உக்காந்திருக்க. அந்தச் சூடு எங்க போகும்?

இதுக்கு எங்க மடை திறக்கிற ஆளோட கதையச் சொல்லணும். கடல் தண்ணிய உள்ள விடுறதுக்கு ஒரு மடைக் கதவு இருக்குல்ல, அதத் தெறக்கிறவரு. உனக்குத் தெரியும், காதுல எப்பவும் பென்சில் வச்சிருப்பாரு, ஆனா எழுதத் தெரியாது. ஏன் வச்சிருக்கீங்கன்னு கேட்டதுக்கு, "யாராவது கேட்டா கொடுக்கத்தான்"னாரு. அவருக்குப் போன கோடையில நீர் கட்டிக்கிச்சு. தினம் ரெண்டு இளநீர், நாலு வாழைப்பழம், பத்தே நாள்ல எந்திரிச்சுட்டாரு. பென்சில் மட்டும் இன்னும் காதுலதான் இருக்கு.

அதனால நீயும் காலையில இளநீர் குடி. பழம் சாப்பிடு. பார்லி வேகவச்ச தண்ணிய பாட்டில்ல ஊத்தி பஸ்ஸுல வச்சுக்க. அதுல நம்ம உப்பு ரெண்டு கல்லு போட்டுக்க, சும்மா பச்சத் தண்ணியா குடிச்சா குமட்டும்.

வேற என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல. கையில உப்பு வார்ற பலகையக் கொடுத்து இந்தப் பாத்திய வாருன்னா வாருவேன். உன் வயித்துக்குள்ள எந்தப் பலகையப் போடுவேன் நான்?

ஏப்ரல் மாசம் ஒரு நாள் லீவு கேட்டிருக்கேன். வந்து பாக்குறேன்.

உன் அண்ணன்

*

ஏப்ரல் 2

அன்புள்ள அண்ணாவுக்கு,

கோவிச்சுக்காத. உன் இளநீரும் பழமும் எனக்கு ஒத்துக்கல. ரெண்டு நாள் படுத்த படுக்கை. லீவு போட்டேன். மடை திறக்கிறவரோட வியாதி வேற, என்னுது வேற போல.

பெரிய ஆஸ்பத்திரி டாக்டரம்மாகிட்ட போனேன். இளநீர்லயும் வாழைப்பழத்துலயும் பொட்டாசியம்னு ஒரு சத்து நெறைய இருக்காம். எல்லாருக்கும் வேண்டிய சத்துதான். ஆனா அது கடைசியில மூத்திரத்துலதான் வெளிய போகுது. உள்தோல் நல்லா இருக்கிறவங்களுக்குத் தெரியாது. என்ன மாதிரி தோல் கெட்டவங்கள்ல சிலருக்கு அது பட்டா எரியுமாம். "எல்லாருக்கும்னு சொல்ல முடியாது, உனக்கு எதெது எரியுதுன்னு நீதான் எழுதி வச்சுக் கண்டுபிடிக்கணும்"னாங்க. நோட்டு போட்டு எழுதுறேன். கீரை, உருளைக்கிழங்கு, வாழை, பீன்ஸ் எல்லாம் கட். சாப்பாட்டோட ஒரு கால்சியம் மாத்திரை, புளிப்பக் கொஞ்சம் அடக்குமாம். மெடிக்கல் கடைக்காரர் தானா ஒரு மெக்னீசியம் மாத்திரை கொடுத்தாரு, "சதை இறுக்கம் விடும்மா"ன்னு. அது விட்டது வேற எதையோ. ரெண்டு நாள் ரெண்டுக்கும் சேர்த்து ஓடினேன்.

இப்ப சோறு, சுரைக்காய், முட்டை. இந்த மூணையே மாத்தி மாத்திச் சாப்பிடுறேன். வாய் செத்துப்போச்சு, அதனால உப்பு மட்டும் ஒரு கை கூடவே போட்டுக்கிறேன். அந்த ஒரு ருசியாவது இருக்கட்டும். பார்லித் தண்ணி பாட்டிலும் உப்பு போட்டு பஸ்ஸுல இருக்கு.

இவ்வளவு விட்டும் குறையல அண்ணா. நோட்டுல எல்லா நாளும் ஒரே மாதிரி. எதக் குத்தம் சொல்றதுன்னே தெரியல.

இருபதாம் தேதி வர்றேன்னு போன்ல சொன்னது சந்தோஷம். அன்னைக்கு எனக்கு ரெண்டு மணி வரைக்கும் டூட்டி. விடியறதுக்கு முன்னாடியே சமைச்சு வச்சுட்டுப் போவேன், அவர் பரிமாறுவாரு. சாப்பிட்டுட்டு இரு, ஓடி வந்துடுறேன்.

உன் தங்கச்சி

*

மே 5

அண்ணா,

ஏன் அப்படிப் பண்ணின? ரெண்டேகாலுக்கு வீட்டுக்கு வந்தேன். தட்டுல பாதிச் சோறு அப்படியே இருக்கு, உன்னைக் காணோம். அவர் பாவம், முழிச்சுக்கிட்டு நிக்கிறாரு. "ரெண்டு வாய் சாப்பிட்டாரு, கை கழுவப் போனாரு, வந்து செருப்ப மாட்டிக்கிட்டு லாரி போயிடும்னாரு"ங்கிறாரு. எந்த லாரி அண்ணா? நீ வந்தது ரயில்ல.

பதினஞ்சு நாளா கடிதம் இல்ல. போன் பண்ணினா அண்ணி எடுத்து, "அளத்துல இருக்காரு"ங்கிறாங்க. ராத்திரி எட்டு மணிக்கும் அளத்துலயா? சாப்பாடு சப்புன்னு இருந்துச்சா? நான் சாப்பிடுறத உனக்கும் வச்சுட்டேன், தப்புதான். ஒரு வார்த்தை திட்டி எழுதேன்.

உன் தங்கச்சி

*

ஜூன் 11

அண்ணா,

நீ பதில் போடலன்னாலும் எழுதுறேன். சொல்ல வேற ஆள் இல்ல.

மூணாம் தேதி காலையில ரெண்டாவது ட்ரிப். பஸ்ஸுல நிக்க இடம் இல்ல. ஏறும்போதே எரிச்சல். பாதி வழியில கண்ணு இருட்டுது. பல்லக் கடிச்சுக்கிட்டுப் பாட்டு முணுமுணுத்தேன், ஸ்டாப்பு எண்ணினேன். பெட்ரோல் பங்க் வந்ததும் கை தானா ஹேண்ட் பிரேக்கப் போட்டுடுச்சு. நாலு நிமிஷம். அதுக்கு மேல ஆகல, சத்தியமா. திரும்பி ஏறும்போது ஒரு பொண்ணு கையில பரீட்சை அட்டைய வச்சுக்கிட்டு அழுதுக்கிட்டிருக்கு. அதுதான் எனக்குத் தாங்கல. புகார் கொடுத்தது வேற யாரோ.

மேனேஜர் கத்தியிருந்தா நல்லா இருந்திருக்கும். "உக்காரும்மா, தண்ணி குடிக்கிறியா"ன்னு கேட்டாரு. எனக்குப் போய் தண்ணி. அவருக்கும் வேற வழி இல்ல. விதி அப்படி. டிப்போ டாக்டர் ஒரு தாள் எழுதினாரு, "ஓட்டத் தகுதியில்லை"ன்னு. ரெண்டே வார்த்தை. நான் நிறுத்துனது ஒழுங்கீனம் இல்லை, உடம்புன்னு காட்டத்தான் எழுதினாராம். எனக்கு நல்லது பண்றதா நெனச்சுத்தான் எழுதியிருக்காரு.

இப்ப டிப்போவுல தவறவிட்ட பொருள் ரூம்ல உக்கார வச்சிருக்காங்க. பஸ்ஸுல ஜனங்க மறந்துட்டுப் போறதெல்லாம் இங்கதான் வரும். முப்பத்தொரு குடை இருக்கு. ஒத்தக் கால் செருப்பு ஒண்ணு, ஒரு பல்செட்டு. ஒரு சுவர்க் கடிகாரம் இன்னும் சரியா மணி காட்டுது. வந்து கேக்குறவங்க உள்ள என்ன இருக்குன்னு சரியாச் சொல்லணும், அப்பத்தான் கொடுக்கணும். முப்பது நாள் யாரும் வரலன்னா ஏலத்துக்குப் போயிடும். பல்செட்ட யாரு ஏலம் எடுப்பான்னு கண்டக்டர் தம்பி கேக்குறான்.

ரூம்லேருந்து கக்கூஸ் பன்னெண்டு அடி. அதுக்காகத்தான் இந்த ரூமே கொடுத்தாங்க.

நாப்பத்தொண்ணு தினமும் என் ஜன்னலத் தாண்டித்தான் போகுது. புதுசா வந்தவன் ரெண்டாவது கியர்ல இழுக்குறான். அந்த வண்டிக்கு அது பிடிக்காது.

நீ ஏன் அண்ணா பேச மாட்டேங்கிற?

உன் தங்கச்சி

*

ஆகஸ்ட் 8

அண்ணா,

இன்னைக்கு உங்கிட்ட ஒரு பொய்ய ஒத்துக்கணும்.

ஜூன் கடைசியில ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்க இருக்கிற நர்ஸ் அக்கா, "உன் நோட்டு வேண்டாம், அடுப்படியில இருக்கிற ஒவ்வொரு டப்பாவையும் தூக்கிட்டு வா"ன்னாங்க. ஒரு பை நெறைய கொண்டு போனேன். கண்ணாடிய ஏத்தி விட்டுக்கிட்டு ஒவ்வொண்ணாப் படிச்சாங்க. உப்புப் பாக்கெட்ட எடுத்தாங்க. திருப்பினாங்க. "இது எத்தனை நாளா"ன்னாங்க. பதினெட்டு மாசம்னேன். "எரிச்சல்?" பதினாறு மாசம்னேன். பாக்கெட்ட என் பக்கம் திருப்பி விரல வச்சாங்க. முன்பக்கம் பெருசா "சோடியம் குறைவு"ன்னு போட்டிருக்கு. பின்பக்கம் எறும்பு எழுத்துல, அந்த இடத்துக்கு என்ன சேர்த்திருக்காங்கன்னு இருக்கு. பொட்டாசியம்.

அவர் ஏணியிலேருந்து விழுந்தப்ப, பிரஷருக்கு இந்த உப்ப வாங்கச் சொன்னாங்க. அவருக்கு நல்லாத்தான் கேட்டுச்சு. எனக்கு அஞ்சு மணிக்கு டூட்டி, ரெண்டு சட்டி வைக்க நேரம் ஏது? ரெண்டு பேருக்கும் ஒரே சட்டி. உப்பு சுள்ளுன்னு இருக்காது, அதனால அள்ளி அள்ளிப் போட்டேன். நாமதான் அளத்துல பொறந்த கையாச்சே. வாழைப்பழத்த விட்டேன், கீரைய விட்டேன், பார்லித் தண்ணியில இதக் கரைச்சு நாள் பூரா குடிச்சேன். உப்புல போய் அது இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல. உப்புன்னா உப்புதானேன்னு இருந்துட்டேன்.

உன் உப்பப் போடலன்னு சொன்னா நீ ஒடிஞ்சு போயிடுவன்னுதான் சொல்லல. போன வருஷ மூட்டையும் இந்த வருஷ மூட்டையும் கட்டிலுக்குக் கீழ பிரிக்காமத்தான் இருந்துச்சு. அன்னைக்குத்தான் முடிச்சு அவுத்தேன். அரை மணி நேரம் ஆச்சு. கத்தி வைக்கல.

இப்ப ரெண்டு சட்டி. அவருக்கு அது, எனக்கு உன்னுது. ஆறு வாரமாச்சு. ஒரு நாளைக்கு முப்பது தடவ போனது பதினேழாயிருக்கு. ராத்திரி ரெண்டு. எரிச்சல் போகல. ஆனா அதோட முனை மழுங்கியிருக்கு. டாக்டரம்மா, "இதனாலதான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன், இதனாலயும் இருக்கலாம். முழுசாப் போகுமான்னு கேக்காத"ன்னாங்க.

மேனேஜர்கிட்ட போய், திரும்ப ஓட்டலாமான்னு கேட்டேன். அந்தத் தாள ஒருத்தரும் மாத்தி எழுத முடியாதாம். என் சீட்டுல ஆள் போட்டாச்சு.

என் பொய்க்குத்தான் கோவமா அண்ணா? யாரு போய்ச் சொன்னா?

உன் தங்கச்சி

*

ஆகஸ்ட் 20

தங்கச்சிக்கு,

யாரும் சொல்லல. என் நாக்கு சொல்லுச்சு.

இந்தக் கடிதத்த மூணு தடவ எழுதிக் கிழிச்சேன். உன் அண்ணி, "கதை சொல்லாம விஷயத்த எழுதுங்க"ன்னா. விஷயம் மட்டும் எழுதினா ஒரு வரிதான் வருது. அந்த வரிய என்னால எழுத முடியல. அதனால என் வழியிலயே வர்றேன், பொறுத்துக்க.

அன்னைக்கு மாப்பிள்ளை சோறு போட்டாரு. நல்ல மனுஷன், முட்டைய எனக்கு ரெண்டாகவும் அவருக்கு ஒண்ணாகவும் வச்சாரு. முதல் வாய் வச்சேன். என் உப்பு இல்ல. சரி, தீர்ந்திருக்கும், கடையில வாங்கியிருப்பான்னு நெனச்சேன். ரெண்டாவது வாய் வச்சேன். நாக்கோட ஓரத்துல அது வந்து உக்காந்துச்சு. முப்பது வருஷமா நான் வடிச்சு விடுற தண்ணி அது. தூக்கத்துல எழுப்பி ஒரு சொட்டு வச்சாலும் சொல்லுவேன், ஒட்டகத்துக்கே புரிய வச்சவன் நான். அது உன் வீட்டுச் சோத்துல இருக்கு.

கை கழுவப் போனேன். குனிஞ்சா கட்டிலுக்குக் கீழ என் மூட்டை. ஒண்ணு இல்ல, ரெண்டு. என் முடிச்சு நான் போட்டபடியே இருக்கு.

அப்ப ஒரு நல்ல அண்ணனா இருந்தா என்ன செஞ்சிருக்கணும்? ரெண்டு மணி வரைக்கும் உக்காந்திருந்து, நீ வந்ததும், "என்ன கர்மத்தடி சோத்துல போடுற, கசக்குது"ன்னு ஒரு சத்தம் போட்டிருக்கணும். நீ அழுதிருப்ப, பாக்கெட்டக் காட்டியிருப்ப. கசக்குறது எதுவும் உன் புண்ணுக்கு ஆகாதுன்னு எனக்கே பட்டிருக்கும், பொட்டாசியம்னு பேர் தெரியலன்னாலும். நான் என்ன செஞ்சேன்? தங்கச்சிக்கு என் உப்பு வேண்டாமாப் போச்சுன்னு செருப்ப மாட்டிக்கிட்டேன். உன் கடிதம் வர வர படிக்காம பரண் மேல வச்சேன். அண்ணி படிக்கச் சொன்னா, "உப்பப் பத்தி எழுதியிருக்காளா பாரு"ன்னேன். அவ இல்லன்னா. அப்ப வேண்டாம்னேன்.

நீ ஜூன் மாசம் எழுதினத, இந்த ஆகஸ்ட் கடிதத்துக்கு அப்புறம்தான் படிச்சேன். ஏப்ரல் இருபதுக்கும் ஜூன் மூணுக்கும் நடுவுல நாப்பத்துநாலு நாள். ஆறு வாரத்துல முப்பது பதினேழாகும்னு நீயே எழுதியிருக்க. நான் அன்னைக்கு வாயத் தெறந்திருந்தா ஜூன் மூணாம் தேதி அந்தப் பங்க்க நீ தாண்டியிருப்ப. தாண்டாமலும் இருந்திருக்கலாம், டாக்டரம்மா அடிச்சுச் சொல்லல. ஆனா எனக்கு அந்த ஆறுதலும் வேண்டாம். நீ பொய் சொன்னது என் மனசுக்காக. நான் ஊமையா இருந்ததும் என் மனசுக்காகத்தான். உனக்காகன்னு அங்க ஒருத்தரும் இல்ல.

பதினெட்டாம் தேதி உங்க ஊருக்கு வந்தேன். வீட்டுக்கு வர தைரியம் இல்ல. நாப்பத்தொண்ணுல ஏறினேன். வேணும்னே ரெண்டு டம்ளர் தண்ணி குடிச்சுட்டு ஏறினேன், அது எப்படி இருக்கும்னு பாக்க. முக்கால் மணி நேரத்துலயே முட்டிக்கிட்டு வந்துச்சு. பங்க் வந்துச்சு, போச்சு. புதுப் பையன் ரெண்டாவது கியர்ல இழுத்தான். எனக்கு வியாதி எதுவும் இல்ல. எனக்கே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. நீ இதோட ஒரு வருஷம் ஓட்டியிருக்க.

டிப்போவுல எறங்கி முதல்ல ஓடினேன். அப்புறம் உன் ஜன்னலப் பாத்தேன். ஒரு குடைக்குச் சீட்டு கட்டிக்கிட்டிருந்த. உள்ள வந்து கூப்பிடலாம்னு ஒரு கால எடுத்து வச்சேன். நீ எந்திரிச்சுப் போன. வந்த. உக்காந்த. மறுபடி எந்திரிச்ச. மூணாவது தடவ போனவ ரொம்ப நேரம் வரல. எதிர்ல இருந்த பெஞ்சுகிட்ட நின்னேனா உக்காந்தேனான்னு தெரியல. எந்திரிச்சு வந்துட்டேன். மறுபடியும் எந்திரிச்சு வந்துட்டேன், பாத்தியா.

திரும்பிப் போற பஸ்ஸுல டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி என் பைய விட்டுட்டு எறங்கினேன். மறந்துட்டு இல்ல, விட்டுட்டு. உன் கையில கொடுக்கத்தான் கொண்டு வந்தேன், கொடுக்கத்தான் முடியல. இந்நேரம் உன் ரூமுக்கு வந்திருக்கும். உள்ள என்ன இருக்குன்னு சரியாச் சொல்லணும்ல. ரெண்டாம் பாத்தி உப்பு, ரெண்டு தடவ அலசினது, ஒரு கிலோ. அண்ணி தச்ச சின்ன மெத்தை ஒண்ணு, உன் நாற்காலிக்கு. நீ எழுதின கடிதம் எல்லாம், மேல வச்சதுலேருந்து எடுத்தது. ஒரு முடிச்சு.

வந்து கேட்டா தருவியான்னு எழுது. தரமாட்டேன்னாலும் எழுது.

உன் அண்ணன்

*

ஆகஸ்ட் 27

தவறவிட்ட பொருள் பிரிவு
அறிவிப்பு அட்டை

பொருள்: மஞ்சள் துணிப்பை ஒன்று.
கண்டெடுத்த இடம்: தடம் எண் 41, ஓட்டுநர் இருக்கைக்குப் பின்புறம்.
உடைமைதாரர் முப்பது நாட்களுக்குள் நேரில் வந்து, உள்ளே உள்ளவற்றைச் சரியாகக் கூறிப் பெற்றுக்கொள்ளவும். தவறினால் ஏலத்தில் விடப்படும்.

அண்ணா, விதிய மாத்த என்னால முடியாது. செப்டம்பர் பதினேழு கடைசி நாள். பைய நான் பிரிக்கல, முடிச்சு அப்படியே இருக்கு.

நீ வரும்போது நான் சீட்டுல இல்லன்னா பன்னெண்டு அடி தள்ளித்தான் இருப்பேன். பெஞ்சுல உக்காரு. வர நேரமாகும், ஆனா வந்துடுவேன். இந்தத் தடவ எந்திரிச்சுப் போயிடாத.